தார்ன்கில்காரர்கள் கூடிய நாள்

ஆட்ரி தார்ன்கில் எங்கே போனாலும் தன் பெயரைச் சொன்ன கையோடு எழுத்துக்கூட்டியும் சொல்லியாக வேண்டும். வங்கியில், பல் வைத்தியரிடம், லீட்ஸ் நகரத்துத் துணிக்கடையில், "தார்ன்ஹில் இல்லைங்க, தார்ன்கில். மலை இல்லை, ஓடை" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் பழகிவிட்டது. அதில் அவளுக்குச் சலிப்பு இல்லை. உள்ளூர ஒரு பெருமைதான். ஸ்மித் என்றால் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். தார்ன்கில் என்றால் இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் ஒரு கல்யாண மண்டபம் நிறையாது.

யார்க்ஷயர் மலைகளில் ஸ்கார்பெக் என்ற அவர்களுடைய சிற்றூருக்கு மேலே, முள்மரங்கள் அடைத்துக்கொண்ட ஒரு பள்ளத்தில் ஓடை ஒன்று இறங்குகிறது. எந்தக் காலத்திலோ அதன் கரையில் ஆடு மேய்த்துப் பிழைத்த குடும்பத்தை ஊரார் தார்ன்கில், அதாவது முள்ளோடை, என்று அந்த ஓடையின் பெயராலேயே கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. உலகத்தில் எங்கே ஒரு தார்ன்கில் இருந்தாலும் அவன் பாட்டன் அந்தப் பள்ளத்திலிருந்து கிளம்பியவன்தான் என்பது ஆட்ரியின் அண்ணன் வில்ஃபின் கட்சி. பண்ணையை மகனிடம் ஒப்படைத்த பிறகு வில்ஃபுக்கு இதுவே முழுநேர வேலை. நூலகத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகத் தொலைபேசிப் புத்தகங்களைப் புரட்டி, தார்ன்கில் இருக்கும் ஊரிலெல்லாம் வரைபடத்தில் ஒரு குண்டூசி குத்துவான். மலையடிவாரத்தில் ஊசிகள் மொய்க்கும். பஞ்சாலை வேலைக்குப் போனவர்களால் கீத்லியிலும் பர்ன்லியிலும் கொஞ்சம், நிலக்கரிக்குப் போனவர்களால் பார்ன்ஸ்லியில் கொஞ்சம். தெற்கே போகப் போக வெறும் காகிதம்தான்.

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில், முள்மரம் பூக்கும் சமயத்தில், அண்ணனும் தங்கையும் சேர்ந்து தார்ன்கில்களை ஸ்கார்பெக்குக்கு வரவழைப்பார்கள். ஊர்ப் பொது மண்டபத்தில் சாப்பாடு, பேச்சு, பிறகு ஓடைவரை நடை. மண்டபம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜோசையா தார்ன்கில் என்பவர் கட்டிக் கொடுத்தது. ஏழை ஆட்டுக்காரன் வீட்டு இரண்டாவது பையன், லாங்காஸ்டர் துறைமுகத்தில் கப்பலேறி, கடல் கடந்து சர்க்கரை வியாபாரத்தில் பணம் சேர்த்து, பிறந்த ஊரை மறக்காமல் பள்ளிக்கூடம் கட்டியவர். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கதையை ஆட்ரி சொல்வாள். எல்லோரும் எழுந்து நின்று, கோப்பையை உயர்த்தி, "ஜோசையாவுக்கு!" என்று குடிப்பார்கள். அதை ஆட்ரி சொன்னால்தான் நன்றாயிருக்கும் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் பிப்ரவரியில் பர்மிங்காமிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

"தார்ன்கில் கூட்டம் நடத்துறது நீங்கதானா? நானும் ஒரு தார்ன்கில்தான். மார்வா. மார்வா தார்ன்கில்."

மூக்கால் இழுக்கும் அசல் பர்மிங்காம் பேச்சு. ஆட்ரிக்கு உடம்பு சிலிர்த்தது. பர்மிங்காமில் ஒரு தார்ன்கில்! "எழுத்துக்கூட்டிச் சொல்லும்மா" என்றாள். மறுமுனையில் மார்வா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு தார்ன்கில் என்கிட்ட எழுத்துக்கூட்டச் சொல்றாங்க!"

அதிலிருந்து இருவருக்கும் பேச்சு பிடித்துக்கொண்டது. மார்வா பிரசவ மருத்துவமனையில் தாதி; வீடுகளுக்கும் போய்ப் பிரசவம் பார்ப்பாள். பிறக்கிற குழந்தைகளுக்கு அம்மாக்கள் வைக்கிற பெயர்களைப் பற்றி அவள் சொல்கிற கதைகளைக் கேட்டு ஆட்ரி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். தனியாக வாழ்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தத் தொலைபேசி மணிக்காகக் காது ஏங்க ஆரம்பித்தது. ஒருமுறை மார்வா சொன்னாள்: "அப்பாவுக்கு அந்த ஓடையைப் பார்க்கணுமாம். வயசாயிடுச்சு, இனிமே தள்ளிப்போடக் கூடாதுங்கறார்."

"அப்பா எந்த ஊரும்மா? பர்மிங்காம்தானா?"

"செயின்ட் எலிசபெத் பக்கம். சின்ன வயசுல வேலைக்காக இங்க வந்தார்."

செயின்ட் எலிசபெத் என்றால் ஏதோ ஒரு தேவாலயத்தைச் சுற்றிய பேட்டை என்று ஆட்ரி எடுத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கால்வாய் வெட்டப்போய்த் தெற்கே தங்கிவிட்ட காலேப் தார்ன்கில் கிளையாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவு செய்து அண்ணனிடமும் சொல்ல, வில்ஃப் பர்மிங்காமில் சிவப்புத் தலை வைத்த குண்டூசி ஒன்றைக் குத்திவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "காலேப் பயலே, அகப்பட்டுட்டியா" என்றான்.

கூட்டத்தன்று காலையிலிருந்து தூறல். ஆட்ரி மண்டப வாசலில் சட்டையில் குத்தும் பெயர் அட்டைகளோடு நின்றாள். எல்லா அட்டைகளையும் எழுதியது அவள்தான். மார்வாவின் அட்டையில் மட்டும் ஓரத்தில் ஒரு சின்ன முள்பூ வரைந்திருந்தாள். சாப்பாடு கொண்டுவர வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை. வில்ஃப் உள்ளேயிருந்து, "பன்றிக்கறிப் பணியாரம் எங்க? எல்லாரும் வெறும் டீயக் குடிச்சே செத்துடுவாங்க!" என்று சத்தம் போட்டபடி இருந்தான். அவளுக்குக் கண் சாலையிலேயே இருந்தது.

ஒரு கார் வந்து நின்றது. கருநீல மேலங்கி போட்ட கறுப்பினப் பெண்மணி ஒருத்தி இறங்கினாள். கையில் பெரிய கேக் டப்பா. பின்னாலேயே பழுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஒரு முதியவர், அவரும் கறுப்பர், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். ஆட்ரிக்கு அப்பாடா என்றிருந்தது.

"வந்துட்டீங்களா! எவ்வளவு நேரம்மா! சமையலறை பின்பக்கம் இருக்கு. இப்படியே சுத்திப் போயிடுங்க. பெரியவரை வண்டியையும் அங்கேயே கொண்டுவரச் சொல்லுங்க."

அந்தப் பெண்மணி நின்றாள். ஒரு கணம் ஆட்ரியின் முகத்தையே பார்த்தாள்.

"நாங்க கூட்டத்துக்கு வந்திருக்கோம். ஆட்ரிங்கறவங்க எங்க இருப்பாங்க?"

அந்தக் குரல். மூக்கால் இழுக்கும் அந்த இழுவை. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் காதோடு ஒட்டிக்கொண்டிருந்த குரல் அந்த முகத்திலிருந்து வந்தது.  ஆட்ரியின் கை தானாகவே எழுந்து, மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டையின்மேல் கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டது.

"ஆட்ரியா? அவ... உள்ளே எங்கயோ வேலையா இருக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு விநாடி இருந்தது. "நான்தாம்மா, மன்னிச்சுடு" என்று அப்போதே சிரித்துச் சமாளித்திருக்கலாம். அந்த விநாடி போய்விட்டது.

"நான் மார்வா. இவர் எங்க அப்பா, லின்வல் தார்ன்கில்."

முதியவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, "வணக்கம் அம்மா. நல்ல மழை" என்றார்.

ஆட்ரி இரண்டு அட்டைகளையும் எடுத்துக் கொடுத்தாள். மார்வா தன் அட்டையின் ஓரத்தில் இருந்த பூவைப் பார்த்தாள். அதை மேலங்கியில் குத்திக்கொண்டாள். அவர்கள் உள்ளே போனதும் ஆட்ரி நேரே கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தன் பெயர் அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். கண்ணாடியில் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. ஐம்பத்தெட்டு வயசில் என்ன காரியம் செய்திருக்கிறோம் என்று நினைத்தாள். போய்ச் சொல்லிவிட வேண்டும். இப்போதே. ஆனால் போனவள் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால்தான் போய் நின்றாள். அங்கே நின்றால் யாருக்காவது கோப்பை நீட்டிக்கொண்டே இருக்கலாம். நிமிர வேண்டியதில்லை.

மண்டபத்தில் முதலில் ஒரு தயக்கம் பரவியது. பிறகு யாரோ ஒருவர் வாசலில் நின்று, "மிஸ்டர் தார்ன்கில், உங்க கார் விளக்கு எரியுது!" என்று கத்த, மண்டபத்திலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். லின்வலும் திரும்பினார். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்குப் பக்கத்திலிருந்த பர்ன்லிக்காரர் அவர் தோளைத் தட்டி, "இங்க இதே தொல்லைதான் அய்யா" என்றார். ஒரு நாற்காலி வந்தது. தேநீர் வந்தது. மார்வா கொண்டுவந்த கறுத்த ரம் கேக்கை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஸ்கார்பெக் பெண்கள் தங்கள் வழக்கப்படி அதன்மேல் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார்கள்.

வில்ஃப் வந்து சேர்ந்தான். அட்டைகளைப் படித்தான். நெற்றி சுருங்கியது.

"பர்மிங்காம்! ஆட்ரி சொன்னா. நீங்க... கல்யாண வழியில வந்தவங்களா?"

"இல்லைங்க" என்றார் லின்வல். "பொறந்ததிலேர்ந்தே தார்ன்கில்தான்."

வில்ஃபுக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்ததை நோக்கி ஓடினான். இருவரையும் வரைபடத்துக்கு முன்னால் கூட்டிப் போனான்.

"இந்தச் சிவப்பு ஊசி நீங்க."

மார்வா குனிந்து பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணா? எங்க வீட்டுக்கே பதினாலு வேணும். அப்பா ஊருக்கு இந்தப் படத்துல இடமே இல்லையே."

"எந்த ஊர்?"

"ஜமைக்கா. செயின்ட் எலிசபெத்."

"அங்க எங்க மலையில கண்ண மூடிட்டுக் கல்ல எறிஞ்சாலும் ஒரு தார்ன்கில் தலையிலதான் விழும்" என்றார் லின்வல். "உங்களவிட நாங்கதான் ஜாஸ்தி இருப்போம்."

"காலேப் கிளைன்னு ஆட்ரி சொன்னாளே..."

"காலேப் யாருன்னு தெரியாதுங்க. எங்க பக்கம் சொல்ற பேரு ஜோசையா."

வில்ஃப் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பாத்திரத்துக்குப் பின்னால் ஆட்ரி ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது.

"ஜோசையாவா! நம்ம ஜோசையாவா! ஆனா அவருக்குப் பிள்ளையே கிடையாதே. கல்யாணமே பண்ணிக்கலையே."

லின்வல் தன் கோப்பைக்குள் பார்த்தார். "கடலுக்கு இந்தப் பக்கத்துக் கரையில இல்லாம இருந்திருக்கும்" என்று மெதுவாகச் சொன்னார்.

வில்ஃப் அதை மனசுக்குள் போகவிடவில்லை. எருமை மாதிரி தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டான். சாப்பாடு வந்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும், வழக்கம்போல எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டினான். ஆட்ரி சமையலறைப் பக்கம் நழுவப் பார்த்தாள்.

"ஆட்ரி! எங்க ஓடற? உன் பேச்சு இல்லாம எப்படி? வா இங்க! ஆட்ரிக்கு என்ன இன்னிக்கு வெட்கம், பாருங்கப்பா!"

எல்லோரும் திரும்பினார்கள். மண்டபத்தின் நடுவில், மேஜை மேஜையாகக் கடந்து அவள் நடக்க வேண்டியிருந்தது. மார்வா உட்கார்ந்திருந்த மேஜையைத் தாண்டித்தான் மேடைக்கு வழி. அந்தப் பக்கம் பார்க்காமல் போனாள். ஆனால் அங்கிருந்து இரண்டு கண்கள் தன்மேல் நிலைத்திருப்பது முதுகில் தெரிந்தது.

"ஏழை ஆட்டுக்காரன் வீட்டு இரண்டாவது பையன்" என்று ஆரம்பித்தாள்.  "கையில ஒண்ணும் இல்லாம லாங்காஸ்டர் வரைக்கும் நடந்து..."

நின்றுவிட்டாள். வில்ஃப் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, "கப்பலேறி" என்று எடுத்துக் கொடுத்தான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பழைய ஆட்கள் இப்போதே நாற்காலியை நகர்த்தி எழ ஆரம்பித்தார்கள். எல்லோரும் எழுவதைப் பார்த்து லின்வலும் மேஜையைப் பிடித்து எழுந்தார். எதற்காக என்று அவருக்குத் தெரியாது. எலுமிச்சைச் சாறு இருந்த கோப்பையை மற்றவர்களைப்போல் மரியாதையாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆட்ரியின் முகத்தைப் பார்த்து நின்றார்.

அதை அவளால் பார்க்க முடியவில்லை.

"உட்காருங்க" என்றாள். "தயவுசெஞ்சு எல்லாரும் உட்காருங்க. இது வேண்டாம்."

"என்ன வேண்டாம்?" என்றான் வில்ஃப்.

"சர்க்கரை வியாபாரம்னு வருஷா வருஷம் சொல்றேன். அந்தக் கரும்பை யார் வெட்டினாங்கன்னு சொன்னதே இல்ல. அவர் ஆளுங்கள விலைக்கு வாங்கினார். வாங்கி, வேலை வாங்கி, அவங்களுக்கு நம்ம பேர வெச்சார். இது எனக்குப் புதுசா தெரிஞ்சதில்ல. லாங்காஸ்டர்ல போய் அவரப் பத்தி விசாரிச்ச அன்னிக்கே தெரியும். வியாபாரம்னு சொன்னா நல்லா இருக்கும்னு அப்படிச் சொன்னது நான்தான். இந்தச் சுவர், இந்தக் கூரை, எல்லாம் அந்தக் காசுதான்."

 கூரையில் தூறல் விழும் சத்தம் கேட்டது. ஆட்ரி இன்னும் ஒன்று சொல்ல வாயைத் திறந்தாள். "இன்னிக்கு வாசல்ல..." என்று நாக்கு நுனிவரை வந்தது. அறுபது முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஏற்கனவே ஒரு மரியாதை தெரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். கீத்லியிலிருந்து வந்த சித்தப்பா மகள் ஒருத்தி எழுந்து வந்து ஆட்ரியின் கையைப் பிடித்து, "எவ்வளவு தைரியம் உனக்கு" என்றாள். ஆட்ரிக்கு அந்தக் கையை உதறிவிட்டு எங்காவது போய்ப் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒருவர் மட்டும், "விருந்துக்கு வந்த இடத்துல இதெல்லாம் எதுக்கு" என்று முணுமுணுத்தபடி மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். வில்ஃப் கோப்பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லின்வல்தான் அடுத்துப் பேசினார். "நாங்க அதக் கேக்க வரலைங்க. அது எங்களுக்குத் தெரியும். ஓடையப் பார்க்கலாம்னு வந்தோம். மழை விட்டிருக்கு போல."

ஒருசிலர்தான் நடைக்குக் கிளம்பினார்கள். வில்ஃப் வரவில்லை. ஆனால் வாசலில் லின்வலின் பளபளப்பான பழுப்புக் காலணிகளைப் பார்த்ததும் உள்ளே போய்த் தன் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த ஷூவப் போட்டுட்டுப் போனீங்கன்னா சேறு உள்ள போயிடும்" என்று பூட்ஸிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, திரும்பி நடந்தான்.

கற்சுவர்களுக்கு நடுவே போன பாதையில் ஆடுகள் நனைந்து நின்றன. லின்வல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஆட்ரி முன்னால் போய் வழியிலிருந்த வேலிக் கதவுகளைத் திறந்துவிட்டு, பின்னால் வந்து மூடினாள். அந்த வேலை இருந்தது அவளுக்கு நிம்மதி. மேலே, வெள்ளைப் பூக்களால் மூடிக்கிடந்த முள்மரங்களுக்கு நடுவில், ஒருவர் தாண்டிவிடக்கூடிய அகலத்தில் ஓடை சலசலத்தது. கரையில் முதல் தார்ன்கில்களின் வீடு இருந்த இடத்தில் நாலைந்து கற்கள்.

லின்வல் நின்று பார்த்தார். மறுபக்கமும் பார்த்தார். "எங்க?" என்றார்.

"இதுதாங்க" என்றாள் ஆட்ரி.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

முதியவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு வாய்விட்டே சிரித்தார். தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மார்வா, இங்க பாரு! நான் ஒரு அரண்மனை இருக்கும்னு நெனச்சேன். தூண், படிக்கட்டு, வாசல்ல ரெண்டு சிங்கம். எங்க ஊர்ல மழைத்தண்ணி போற சாக்கடை இதவிடப் பெரிசு!"

"அப்பா, மெதுவா" என்றாள் மார்வா. அவளும் சிரித்தாள்.

அவர் ஒரு கல்மேல் உட்கார்ந்தார். "இரும்பு வார்க்கிற பட்டறையில எனக்கு மேஸ்திரி ஒரு யார்க்ஷயர்காரன். 'எங்க ஊர்ப் பேர எங்கடா திருடின'ன்னு தினம் கேப்பான். தமாஷுக்குத்தான். நானும் சிரிப்பேன். வேற என்ன செய்யறது? என் தம்பி கோவத்துல பேரையே மாத்திக்கிட்டான். நான் மாத்தல. எங்கம்மா கல்லறையில அந்தப் பேர்தான் இருக்கு. அத எப்படி மாத்தறது? ஆனா அவன் அப்படிக் கேக்கறப்பல்லாம், அப்படி என்னதான் இருக்கு அந்த ஊர்ல, ஒருநாள் போய்ப் பார்த்துடணும்னு தோணும்." குனிந்து தண்ணீரில் கையை விட்டார். "ஐயோ, என்ன குளிர்!" என்று எடுத்துக்கொண்டார். மறுபடி சிரித்தார்.

பிறகு ஒரு பூங்கொத்தை முறித்துக் கோட்டில் செருகிக்கொண்டார். அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, கெட்டது நடக்கும் என்று ஸ்கார்பெக்கில் சொல்வார்கள். ஆட்ரி சொல்ல வாயெடுத்தாள். இவருக்கு எது கெட்டது என்று சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று நிறுத்திக்கொண்டாள்.

இறங்கும்போது பர்ன்லிக்காரர் லின்வலின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்ரியும் மார்வாவும் பின்தங்கினார்கள். கடைசிக் கதவை மூடிச் சங்கிலியை மாட்டிக்கொண்டே, திரும்பாமல், ஆட்ரி சொன்னாள்:

"மார்வா, வாசல்ல நான்..."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா ஆட்ரி?" என்றாள் மார்வா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க வாயத் திறந்த உடனே தெரிஞ்சுபோச்சு. எப்ப வந்து சொல்வீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"எனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல."

"சமையலறைக்குப் போன்னீங்களே, அத நான் பொறுத்திருப்பேன். பிரசவம் பார்க்கப் போற வீட்டுல எத்தனையோ பேர் என்னைத் துடைப்பம் எடுத்துட்டு வந்தவன்னு நெனச்சிருக்காங்க. பழகிப்போச்சு. ஆனா நீங்க ஆட்ரி உள்ள இருக்கான்னீங்க பாருங்க. என்னைப் பார்த்த பிறகு உங்களுக்கு ஆட்ரியாவே இருக்கப் பிடிக்கல."

ஆட்ரிக்குச் சங்கிலி விரலிலிருந்து நழுவியது.

"போன்ல நானே சொல்லியிருக்கலாம். வேணும்னேதான் சொல்லல. மூணு மாசம் நல்லா இருந்துச்சு. பேர மட்டும் வெச்சு ஒருத்தர் என்கிட்டப் பேசினது." மார்வா மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "மேடையில நல்லாத்தான் பேசினீங்க. கைகூடத் தட்டினாங்க. செத்து மண்ணாப் போனவன் தப்பச் சொல்றது சுலபம்தான், இல்லையா?"

ஆட்ரி நழுவிய சங்கிலியை மறுபடி எடுத்து மாட்டினாள்.  அவள் மேடையில் நிறுத்திக்கொண்ட அந்த ஒரு விநாடியையும் இந்தப் பெண் பார்த்திருக்கிறாள்.

கார் கிளம்பும்போது லின்வல் கண்ணாடியை இறக்கி, ஒருநாள் பர்மிங்காமுக்கு வரவேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போடுகிறேன், மீன் பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்றாள் ஆட்ரி. மார்வா நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். ரப்பர் பூட்ஸ் மண்டப வாசலில் கழுவி, ஜோடியாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

வில்ஃப் கோடை முழுவதும் தங்கையிடம் சரியாகப் பேசவில்லை. "குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்ட" என்று ஒருமுறை சொன்னான். ஆனால் மண்டபத்துக் கதவுக்கு மேலே தொங்கிய ஜோசையாவின் படம் ஒருநாள் காணாமல் போயிருந்தது. யார் எடுத்தார்கள் என்று ஆட்ரி கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஊரில் பலர் அவளை வழியில் நிறுத்தி, நீ செய்தது சரி என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு முகம் சுடும். "இல்லை, நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது" என்று சொல்ல நினைப்பாள். கறிக்கடை வாசலில் அதை எங்கிருந்து ஆரம்பிப்பது? தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். பர்மிங்காமுக்குப் போகலாம் என்று இரண்டு முறை ரயில் நேரம் விசாரித்தாள். போகவில்லை. அந்த மேஜையில் மார்வாவுக்கு எதிரே உட்கார்ந்து மீன் சாப்பிடுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"மார்வா பேசறேன். அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னார்."

"சொல்லும்மா. அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்கார். அந்த ஓடைக்கரை முள்மரத்துல பூ, இலை வர்றதுக்கு முன்னால பூக்குமா, அப்புறம் பூக்குமான்னு கேக்கறார். முள்ளுல ரெண்டு ஜாதி இருக்காம். தோட்டத்துல ஒண்ணு நடணும்னு பிடிவாதம். தப்பானத வாங்கிடக் கூடாதாம்."

"அப்புறம்தான். இலை வந்த பிறகுதான் பூக்கும்."

"இலைக்கு அப்புறம்" என்று மார்வா திரும்பச் சொன்னாள். பின்னால் முதியவர் ஏதோ கேட்பதும், இவள் வாயைத் திருப்பி, "ஆமாப்பா, இலைக்கு அப்புறமாம்" என்பதும் கேட்டது.

"நான் வேணா இங்கேர்ந்து ஒரு கன்னு தோண்டி அனுப்பட்டுமா?" என்றாள் ஆட்ரி அவசரமாக. "ஓடைக்கரையிலேர்ந்தே. வேரோட, ஈரத்துணியில சுத்தி..."



"வேண்டாங்க. இங்கேயே கிடைக்குது" என்றாள் மார்வா. "நன்றி."

வைத்துவிட்டாள். இந்தத் தடவை மார்வா தன்னை "ஆட்ரி" என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலிக் கதவடியில் பேசிய அன்றுகூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். வெளியே வெயில் அடித்தது. அவள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே, காதெல்லாம் சூடாக, கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.